ஸ்டீல் குழாயும் என் வலது காலும்

ஞாயிறு

காலையிலேயே வெயில். துணி ஊறுகிறது. நேற்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்திலிருந்து காரில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் வெகுநேரம் நின்றோம். கேட் திறந்தது. முன்னால் ஒரு டிராக்டர், ஓவர்டேக் எடுத்தேன். பாதியில், வலது கால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. எதிரே லாரி. பிரேக் அடித்து டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இனிமே நீ ஓட்ட வேணாம். டூட்டிக்கு பஸ்ல போ."

கடலூரிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரி டூட்டிக்கு தினமும் நான் ஓட்டிப்போகிற ரோடு. தப்பு என் மேலா, வண்டி மேலா? அது தெரியாமல் விடமாட்டேன்.

திங்கள்

பஸ். நின்றுகொண்டே பயணம். வழியெல்லாம் யோசனை. போன மாதம்தான் தம்பி அருள், இன்ஜினுக்குக் காற்று போகும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, தானே வெல்டிங் வைத்த ஸ்டீல் குழாயை மாட்டினான். வண்டி மந்தமானது அதற்குப் பிறகுதான்.

சாயங்காலம் அவன் பட்டறையில் சொன்னேன்.

"பைப்பு மேல பழி போடாதக்கா. ஒனக்கு கியர் கொறைக்கத் தெரியல."

கோபம். ஸ்டீல் சூடாகிறதோ, அளந்தே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மீன்தொட்டிக்கு வைக்கிற, ஒயர் நீண்ட தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். பால் வாங்க மறதி.

செவ்வாய்

லீவு. உச்சி வெயில். அருளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். ஒயர் குழாய்க்குள், மீட்டர் அவன் கையில். முதலில் ஸ்டீல், அப்புறம் பழைய பிளாஸ்டிக். ஓடும்போது சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. அருள் சிரித்தான். நான் விடவில்லை.

"அன்னிக்கி நாங்க கேட்ல நின்னமே, அந்த மாதிரி நிறுத்திப் பாக்கலாம்டா."

இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினோம். ஸ்டீலில் சூடு ஏறிக்கொண்டே போனது. தொட்ட அருள் கையை உதறினான். கிளம்பியும் சீக்கிரம் தணியவில்லை. பிளாஸ்டிக்கில் அவ்வளவு ஏறவில்லை. இன்னொன்றும் பிடிபட்டது: அவன் குழாயின் வாய், இன்ஜின் சூட்டை வெளியே தள்ளும் ரேடியேட்டருக்குப் பின்னால். நிற்கும்போது அனல் காற்றைத்தான் இழுக்கிறது. சூடான காற்று லேசு. இன்ஜினுக்கு மூச்சு போதவில்லை.

"அழகா இருக்கும்னு மாட்டுனேன்க்கா. சூட்ட நெனைக்கவே இல்ல." கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

பழைய குழாயை அவனே மாட்டினான், வாய் முன்பக்கம் வெளிக்காற்றைப் பார்க்க.

புதன்

வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு சிதம்பரம். கேட்டில் நின்றோம். திறந்ததும் வண்டி முன்போல் இழுத்தது. என் ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கினார்.

"நான் பஸ்ல போயிக்கிறேன். நீ டூட்டி முடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டு வா."

சரி என்றேன். அவர் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.