ராகேலோடு பேசிய இரண்டு வருடம்

11 ஜூன் 1951

ராகேலுக்கு இன்றோடு நாலு மாதம். அருமனையிலிருந்து குளோரி அக்கா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தாள்: "ஏலே ஜேசுதாசே, பிள்ளைய எங்கிட்ட தா. தாய்க்குக் காதும் கேக்காது, பேச்சும் கெடையாது. இங்க கெடந்தா இதும் ஊமையாத்தான் வளரும்."

என் மனைவி எலிசா, பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"ரெண்டு வயசு வரைக்கும் பாரு அக்கா. பேச்சு வரல்லன்னா நீயே கொண்டு போ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியாகிவிட்டது. பேச்சு வரும். வர வைப்பேன்.

12 ஜூன்

தையல் மெஷினைத் தொட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன். நாலு மாதப் பிள்ளையிடம் என்ன பேசுவது? கையில் இருந்ததைப் பேசினேன். "இது நூலு மக்ளே. செவப்பு நூலு. இது பொத்தான்."

சட்டை வாங்க வந்த சுலைமான் உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருட்ட வே பேசுதீரு?"

"எம் மவள்ட்ட."

அவர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

5 ஜூலை

நான் நிறுத்திக் காத்திருந்தால் அவள் "ங்கூ" என்கிறாள். "அப்பிடியா? பொறவு?" என்கிறேன். மறுபடி அவள். முறை வைத்துப் பேசுகிறோம்!

19 அக்டோபர்

நல்ல மழை. எலிசா அழுதாள். என் வாயைக் காட்டினாள், பிள்ளையைக் காட்டினாள், பிறகு தன் நெஞ்சில் தட்டிக் கையை விரித்தாள். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுதிய, எனக்கு என்ன இருக்கு என்று கேட்கிறாள்.

பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். நாளெல்லாம் பிள்ளைட்ட பேசுத வாயி, இவள மறந்துபோச்சே — சே.

27 ஜனவரி 1952

அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். சன்னலில் காக்கா. எலிசா இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்தாள். ராகேல் அவள் முகத்தையே பார்த்தாள், பிறகு தன் குட்டிக் கையை அடித்தாள். எலிசா விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை வாயைத் திறந்தது.

எத்தனை நாளாக நடக்கிறது இது! நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

8 மே

"நூ." நூல்தான்! நூல்கண்டை நோக்கிக் கை நீட்டிச் சொன்னாள்.

30 ஆகஸ்ட்

அக்காவின் கடிதம். பிள்ளை பேசுகிறதா என்று கேட்டிருக்கிறாள். வாயால் பதினாலு சொல். கையால் அதைவிடக் கூட. வந்து பார் என்று மட்டும் எழுதினேன்.

11 பிப்ரவரி 1953

ராகேலுக்கு இன்றோடு இரண்டு வயது. பிள்ளையின் துணிமணிக்கென்று ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்தாள் அக்கா. அப்போது எலிசா முதுகைக் காட்டி மாவு இடித்துக்கொண்டிருந்தாள். "எலிசா, ஏட்டி எலிசா" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள் அக்கா.

ராகேல் என் மெஷின் அடியிலிருந்து எழுந்து போனாள். "அம்மைக்கு கேக்காது, மாமி."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "பின்ன எப்பிடி மக்ளே கூப்பிடணும்?"

"வா." மாமியின் விரலைப் பிடித்து அழைத்துப்போய், அம்மையின் தோளில் தொட வைத்தாள். எலிசா திரும்பினாள்.

சாப்பிடும்போது அக்கா விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், நீ சாப்பிட்டாயா என்று எலிசாவிடம் கேட்டாள். தப்பாகத்தான். எலிசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராகேல் மாமியின் விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.