இத்தாவில் வாங்கிய கம்ப்யூட்டர்

என் ஆயிஷா வாப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்துக்கு என் ஸலாம் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீங்கள் இருந்தால் முதலில் கேட்பது "சாப்ட்டியா" என்றுதான். சாப்பிட்டேன். அடுத்து "பெட்டி ஓடுதா" என்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

ஐப்பசி மழையில் நம் கம்ப்யூட்டர் போய்விட்டது. இடி விழுந்தது மேலப்பாளையத்துக்கு வெளியே எங்கேயோ. செத்தது நம் வீட்டு மதர்போர்டு. மானம் இருட்டினால் ப்ளக்கைப் பிடுங்கிவிடு என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அன்று உங்கள் உம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓட, நான் அவர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பின்னால் ஓட, ப்ளக்கை மறந்துவிட்டோம்.

நீங்கள் மௌத்தாகிப் போன பிறகு, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரக் கூடாது என்று நம் தெருவில் இருப்பதுபோல் இருக்கிறேன். உங்களுக்காக இருப்பது எனக்குப் பாரமே இல்லை. ஆனால் வாசல் தாண்டாதவள் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்குவது எப்படி?

வாங்காமலும் இருக்க முடியாது. முக்கூடலில் இருந்து என் உடன்பிறந்த காக்கா வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. இத்தா முடிந்ததும் நானும் நம் மகள் ஆயிஷாவும் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். மாமி தென்காசியில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டுமாம். இந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டுமாம். காக்கா கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். "நீ எதை வச்சு வீட்ட ஓட்டுவ?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அந்தப் பெட்டிதான். அதுவும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

ஸ்டூடியோக்காரர் வேறு போன் செய்துவிட்டார். கையில் ஒரு கல்யாண ஆல்பம் பாதியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். எனக்கு வேலை வருவதே ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஆட்களின் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் எடுத்த படங்களை ஆண் டிசைனர் கண்ணில் காட்ட மாட்டார்கள். பெண் படமெடுப்பாள், பெண்ணே ஆல்பம் செய்ய வேண்டும். நீங்கள்கூட நான் அந்தப் படங்களைத் திறந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவீர்கள். நான் வேண்டுமென்றே நேரம் இழுத்தால் "மூடிட்டியாளா, கழுத்து வலிக்கு" என்று கெஞ்சுவீர்கள்.

அதனால்தான் பெட்டியைக் கடைக்கு அனுப்பவும் மனமில்லை, கடை ஆளை வீட்டுக்குள் விடவும் வழியில்லை. படங்கள் இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பலாமே என்று காக்கா சொன்னார். ஜங்ஷன் கடையில் கேட்டால், இடி அடித்த பழைய பாகத்தோடு சேர்த்து மாட்டினால் தங்களுக்குப் பொறுப்பில்லை, அதுவும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரத்தில் வெள்ளிக்கிழமை போய்விடும். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் உலர்ந்துதான் கிடக்கிறது.

போனிலேயே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எதை வாங்குவது, எதை விடுவது? ஆல்பம் செய்த காசில் நான் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சம்தான். ரேமில் குறைத்தால் படத்தைத் திறக்கும்போது பெட்டி திணறும். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைக்க உங்கள் பயம் விடவில்லை. "மட்டமான எஸ்எம்பிஎஸ் வாங்குததுக்கு வீட்டுக்குள்ள வெடிய வாங்கி வைக்கலாம்" என்பீர்களே! பழைய கேபினெட், பழைய மானிட்டர், பழைய டிஸ்க், பழைய கிராஃபிக்ஸ் கார்டு இவை போதும் என்று வைத்துக்கொண்டேன். இந்த மதர்போர்டில் அந்த ப்ராசஸர் உட்காருமா, அந்த ரேம் இதில் சேருமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தொழுகையிலும் ஞாபகம் அங்கேயே போனது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கடைசியில் ப்ராசஸரில்தான் குறைத்தேன். கடை அண்ணாச்சி போனில் எச்சரித்தார். "தங்கச்சி, நீங்க சொல்லுதது உள்ளுக்க கிராஃபிக்ஸ் இல்லாததாக்கும். அதான் வெல கம்மி. தனியா கார்டு மாட்டுனாத்தான் படம் தெரியும். உங்ககிட்ட கார்டு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"இடி அடிச்சதுன்னு சொன்னீகளே. கார்டு ஓடுதா?"

"ஓடும்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? செத்த போர்டில் மாட்டியிருந்த கார்டு அது. அதை எங்கே மாட்டிப் பார்ப்பேன்? போனை வைத்த பிறகு, திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசு இல்லை.

நேற்று காக்கா சாமான்களோடு வந்தார். அஸர் தொழுதுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மாமி போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலேயே நின்றார்கள். பழைய போர்டைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைத்தேன். புது ப்ராசஸரைப் பார்த்ததும் மாமி, "என்ன, முறுக்குத் துண்டு கணக்கா இத்துனூண்டு இருக்கு! இதுக்கா இவ்வளவு ரூவா குடுத்த?" என்றார்கள். அதை அதன் குழியில் உட்காரவைத்து, பிடித்துக்கொள்கிற கம்பியை அழுத்தும்போது நறுக் என்று ஒரு சத்தம். உடைந்தே போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. அந்தச் சத்தம் வரத்தான் செய்யும் என்று போனில் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். காதால் கேட்கும்போது அதெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது?

"பைய, பைய. பிஸ்மி சொல்லி அமுக்குளா" என்றார்கள் மாமி. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. கார்டின் ஃபேனும் சுற்றியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ரேமைக் கழற்றி மாட்டினேன். கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கறுப்புதான். கார்டு போய்விட்டது, என் வாய்தான் ஓடியிருக்கிறது என்று நினைத்தேன். உறை பிரித்த ப்ராசஸரைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். புதுக் கார்டு வாங்க வழியில்லை. ஆயிஷாவின் பள்ளிக்கூடம், மாமியின் கட்டில், இந்தக் கூடம் எல்லாம் கையை விட்டுப் போவது போல இருந்தது. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் போக அப்படி என்ன அவசரம்?

காக்கா என்னைத் திட்டவில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "சரி விடு. இத்தா முடிஞ்ச மறுநா நான் வண்டி கொண்டாரேன். தேவையான சாமான மட்டும் கட்டி வையி" என்றார். மாமி லைட்டை அணைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னல் மேடையில் பழைய போர்டு கிடந்தது. அதில் உங்கள் ப்ளாஸ்திரியும் இருந்தது.

ஞாபகம் இருக்கிறதா? போர்டின் பின்பக்கம் மானிட்டர் வயர் குத்துகிற ஓட்டைமேல் ஒட்டி வைத்திருந்தீர்கள். "கம்ப்யூட்டருக்கு என்ன காயம், டாக்டரு மருந்து போட்டாரா?" என்று நான் கேலி செய்தேன். "அங்கன குத்துனா ஒண்ணும் தெரியாது. நீ அவசரத்துல அங்கனதான் குத்துவ, எனக்குத் தெரியும்" என்றீர்கள். ஏன் தெரியாது என்று நானும் கேட்கவில்லை. வயரைக் கழற்றி மாட்டுவது எப்போதும் உங்கள் வேலையாகவே இருந்துவிட்டது. பழைய ப்ராசஸரையும் நீங்கள் இப்படித்தான் விலை பார்த்து வாங்கியிருக்கிறீர்கள், இல்லையா?

பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். வயர் போர்டின் ஓட்டையில் இருந்தது. கண்ணுக்கு முதலில் தெரிந்த இடத்தில், நீங்கள் சொன்ன மாதிரியே குத்தியிருக்கிறேன். அண்ணாச்சி சொன்னதுபோல் படம் வருவது கார்டின் வழியாகத்தானே! பிடுங்கிக் கீழே கார்டில் குத்தினேன்.

வெளிச்சம் வந்தது, ஆயிஷா வாப்பா.

மாமி "யா அல்லாஹ்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். டிஸ்க் பிழைத்திருக்கிறதா என்று அடுத்த பயம். அவசர அவசரமாக ஆல்பத்தைத் திறந்தேன். மணப்பெண் மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என் வாய் தன்னால் சொல்லிவிட்டது, "ஆயிஷா வாப்பா, அங்கன திரும்பிக்கோங்க."

மாமி என் தோளில் இருந்து கையை எடுக்கவில்லை. காக்கா பைய நடந்து போய், உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "வண்டி வேண்டாம்னு சொல்லிரவா மைமூன்?"

"சொல்லிருங்க காக்கா" என்றேன்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபேன் கொஞ்சம் சத்தம் கூடினாலும் எழுந்து போய்க் காது வைக்கிறேன். இந்த ஆல்பம் முடிந்தால் அடுத்தது வருமா? கார்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? யாரிடம் கேட்பேன்?

உங்கள் மருந்து டப்பாவில் மிச்சமிருந்த ப்ளாஸ்திரியை எடுத்துப் புது போர்டின் ஓட்டைமேல் ஒட்டிவிட்டேன். இனி மானம் இருட்டினால் துணி நனைந்தாலும் சரி, முதலில் ப்ளக்கைப் பிடுங்குவேன். இந்த வீட்டைப் பூட்ட விட மாட்டேன். படத்தை மூடியதும் முன்போலவே சொல்லுவேன், நீங்கள் திரும்பிக்கொள்ளலாம்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
உங்கள் வீட்டிலேயே இருக்கும்,
ஆயிஷா உம்மா மைமூன்