எங்கே சாப்பிடலாம், எங்கே போகலாம்

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கராஜ் வாசலில் பனி அள்ளி நாரி பிடித்துவிட்டது. பின்னேரம் வினோஜா வந்தாள். மடிக்கணினியைச் சமையலறை மேசையில் விரித்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு ஓர் இணையத்தளமாம். செப்டெம்பர் ஆறு, இத்தாலி, கலாப்ரியாக் கடற்கரையில் லூக்காவின் தாய் பிறந்த ஊர். லூக்கா நல்ல பெடியன். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

தளத்தில் 'எங்கே சாப்பிடலாம், எங்கே போகலாம்' என்று விருந்தினருக்கு ஒரு பக்கம். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் ஆயத்தம். தமிழுக்கு நான். "அப்பா, நீங்கள்தானே டவுன்டவுனிலை இவ்வளவு வருசம் இத்தாலியன் கிச்சினிலை நிண்டனீங்கள். எங்கட ஆக்களுக்கு எது வாயிலை வைக்கலாம் எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

அரை ஆயுள் இத்தாலியச் சாப்பாடு சமைத்தவன் இத்தாலியைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் ஓம் என்றேன். காரணம் பெரியண்ணை. ஜேர்மனியிலிருந்து இத்தாலி கிட்ட. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் நேரில் காணவில்லை. என்னை அந்த நாளில் கொழும்பிலிருந்து எடுத்து, தன்னோடு வைத்திருந்து, பிறகு இங்கே மொன்றியலுக்கு அனுப்பிவிட்டவர் அவர். இந்தக் கல்யாணத்தில் அவர் வந்து முன்னுக்கு நிற்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெப்ரவரி 16

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் எலிசாவின் வீடு. லூக்காவின் தாய். அவவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். கோப்பியும் பிஸ்கற்றுமாக ஒரு முழுப் பகல் போனது. எழுதியதில் கொஞ்சம்:

'பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு கடையும் திறக்காது. பசி தாங்காதவர்கள் மத்தியானமே பாண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோறு கேட்டால் குழைந்துபோய் வரும், பழுது என்று நினைக்க வேண்டாம், அவர்கள் சமைப்பதே அப்படி. வாள்மீனைக் கட்டாயம் சாப்பிடுங்கள், எங்கள் அறக்குளா மீன் தோற்றுவிடும். பாணில் பூசித் தரும் சிவப்புச் சாமான் நல்ல உறைப்பு, ஆனால் பன்றி இறைச்சி, விரதக்காரர் கவனம். அந்தப் பக்கத்துச் சிவப்பு வெங்காயம் பச்சையாகவே இனிக்கும். படகில் எரிமலை பார்க்கப் போகலாம், முழங்கால் நோ உள்ளவர்கள் படகிலேயே இருந்து பார்க்கலாம்.'

முழங்கால் நோ பெரியண்ணைக்காக எழுதியது. மற்றவர்களுக்கும் உதவும்.

பெப்ரவரி 23

வினோஜா தளத்தின் இணைப்பை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். மனைவி சறோ அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பெரியத்தானுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ. லிங்க் அனுப்பினால் சொன்னதாகுமே?" எல்லாம் அதிலே விபரமாக இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது என்றேன். என் பக்கத்தை அவர் வாசித்துச் சிரிக்கவேண்டும், பிறகு அவராக எடுக்கட்டும் என்றிருந்தேன்.

மார்ச் 2

எலிசாவும் புருஷனும் இந்தக் கொட்டும் பனியில் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு வரை வந்தார்கள். கையில் அச்சடித்த அழைப்பிதழ், வெள்ளைப் பையில் சீனி பூசிய பாதாம். நாங்கள் பெண்ணின் தாய் தகப்பன், எங்களுக்கு எதற்கு அழைப்பு? அவவின் ஊரில் கல்யாணம் என்றால் வாசல் வாசலாக ஏறித்தான் சொல்வார்களாம், அதற்கு விலக்கு இல்லையாம். சறோ என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளைக்காரர் எங்கள் முறையில் வந்து நிற்கிறார்கள், நாங்கள் லிங்க் அனுப்பியிருக்கிறோம்.

மார்ச் 19

பெரியண்ணையின் பதில் வந்திருக்கிறது. தளத்தில் ஒரு சின்னப் பெட்டி: 'அருமைராசா குடும்பம் — வரவில்லை.' அதற்குக் கீழே செய்தி எழுத இடம் விட்டிருந்தது. ஒரு சொல் இல்லை.

மார்ச் 20

நித்திரை இல்லை. வேலையில் கை சுட்டுவிட்டது.

பாரிஸ் அக்காவுக்கு எடுத்தேன். "ஆரடா போய்ச் சொன்னது? நல்லதுக்குச் சொன்னால்தான் போறது, துன்பத்துக்குத்தான் சொல்லாமல் போறது. குடும்பத்துக்கு மூத்தவர். நாள் வைக்கேக்கையாவது ஒரு சொல்லுக் கேட்டியே?" அக்கா சொன்னால் தைப்பது போலத்தான் சொல்லும். நான் பதிலுக்குக் கத்திவிட்டேன். எந்தக் காலத்திலை இருக்கிறியள், ஆளாளுக்கு வெத்திலை வச்சுச் சொல்ல நான் என்ன ஊரிலையே இருக்கிறன்? போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, அக்கா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

பிழை என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அவருக்கு ரோசம் என்றால் எனக்கும் அதே தாய் வயிறுதானே.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பெரியண்ணை எடுக்கவில்லை. ஒரு வருடப்பிறப்புக்கும் எடுக்காமல் விட்டதில்லை.

மே 4

பனி போய் முற்றமெல்லாம் சேறு. கண்டறியாத வசந்தம்.

சறோ இன்று சாப்பாட்டுக்கு இடையில் சொன்னாள்: "போய்ச் சொல்லுவம். இரண்டு பேருமாய், தட்டம் வச்சு. அதுக்குப் பிறகும் மாட்டன் எண்டால் அது அவற்றை பாடு." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "உங்களைத்தான்" என்றாள். ஓம் என்றேன். சொன்னதும் நெஞ்சுக்குள் கொஞ்சம் இடம் வந்தது போல இருந்தது.

ஜூன் 12, டோர்ட்முண்ட்

முதலில் இங்குள்ள தமிழ்க் கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கினோம், ஒரு சீப்பு நல்ல கதலி வாழைப்பழமும். அழைப்பிதழை எலிசாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். எல்லாம் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு பெரியண்ணை வீட்டுப் படி ஏறினோம். அண்ணி கதவு திறந்தா. முகம் செத்துப்போயிருந்தது.

பெரியண்ணை கதிரையில் இருந்தார், கோடை வெக்கையிலும் நீளக்கைச் சட்டை. பாதியாய்ப் போய்விட்டார். சறோவும் நானும் தட்டத்தை நீட்டிச் சொன்னோம்: மகளின் கல்யாணம், குடும்பமாய் வந்து நடத்தித் தரவேண்டும். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி மடியில் வைத்தாரோ இல்லையோ, அண்ணி வந்து வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

எனக்கு உச்சியில் ஏறியது. இவ்வளவு தூரம் வந்து வைத்த தட்டத்தில் கை வைத்துப் பழத்தை எடுப்பதென்றால் என்ன கருத்து? "நாங்கள் கொண்டந்தது தொடக்கூடாத சாமானோ அண்ணி?" என்று கேட்டேவிட்டேன். அண்ணி திரும்பி வரவில்லை. உள்ளே அழுகிற சத்தம்தான் கேட்டது.

பெரியண்ணை சட்டைக்கையை மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்துக் கிடந்தது. ஊசி குத்திய அடையாளங்கள். "தம்பி, சிறுநீரகம் இரண்டும் போட்டுது. கிழமையிலை மூண்டு நாள் மெஷினிலை ஏத்துகினம். வாழைப்பழம் எனக்கு நஞ்சு. காணேக்கை ஆசை வருமெண்டுதான் அவள் எடுத்தவள்."

சறோதான் போய் அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 13

இன்று அவருக்கு மெஷின் நாள். தனோஜன், அவருடைய மகன், காரில் கூட்டிப் போனான், நானும் போனேன். கையிலிருந்து இரத்தம் குழாயில் வெளியே போய்க் கழுவுப்பட்டுத் திரும்பி வருகிறது. பார்க்க முடியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனண்ணை சொல்லேல்லை?"

"நல்ல காரியத்துக்கு நாள் வச்சிட்டியள். அதுக்குள்ளை நான் என்ரை வருத்தத்தைக் கொண்டந்து வைக்கிறதே? அக்காவுக்கும் சொல்லேல்லை."

"நாங்கள் வந்து சொல்லேல்லை எண்டு கோவமாக்கும் எண்டு..."

"விசரா" என்று சிரித்தார். "நீ எழுதினதை நான் எத்தினை தரம் வாசிச்சிட்டன். இந்தக் கட்டிலிலை கிடந்துதான். குழைஞ்ச சோறு எண்டு எழுதினாய் பார், தாதிப்பிள்ளை பயந்துபோச்சு, நான் சிரிச்ச சிரிப்பிலை."

நான் எழுதியதெல்லாம் தக்காளி, உப்பு, மீன். ஒன்றும் அவர் தொடக்கூடாது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறார். பசியோடு கிடக்கிற மனிசனுக்கு நான் சாப்பாட்டு விபரம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

முன்னுக்கு வந்து நிற்கிற ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார். "ஆசைக்கு என்ன, அது கிடக்குது."

ஜூன் 29, மொன்றியல்

எலிசாவிடம் போய் எல்லாம் சொன்னேன். அவ ஒரு கேள்வியும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தா. இத்தாலியனில் கத்தினா, கெஞ்சினா, யாரோ ஒருவரின் தாயை விசாரித்தா. அரை மணித்தியாலத்தில் ஊருக்குப் பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படிச் செய்வார்களாம், முன்கூட்டிச் சொன்னால் சரி. வெள்ளியும் திங்களும் அவருக்கு. சனிக்கிழமை கல்யாணத்துக்கு ஆள் சுத்தமாக இருப்பார்.

வந்து தமிழ்ப் பக்கத்தில் எரிமலைக்குக் கீழே எழுதினேன்: 'இரத்தம் சுத்திகரிக்கும் வசதி பக்கத்துப் பட்டணத்தில் உண்டு. ரயிலில் போகலாம், கூட ஓர் ஆள் வரும்.' எத்தனையோ பேருக்கான பக்கத்தில் ஒரே ஒருவருக்கான வசனம்.

அன்றே எடுத்தார். "வாறன் தம்பி."

ஓகஸ்ட் 17

பெரியண்ணை கோட் தைப்பித்துவிட்டாராம். கைப்பக்கம் தளர வைத்துத் தைக்கச் சொன்னாராம். தையற்காரன் ஏன் என்று கேட்க, "கல்யாண வீட்டிலை கட்டிப்பிடிக்க வேணும்" என்றாராம். அண்ணி சொல்லிச் சிரித்தா. அவ சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்.

செப்டெம்பர் 3, கலாப்ரியா

நாங்கள் இங்கே வந்து இரண்டாம் நாள். கடல் நல்ல நீலம். தனோஜன் எடுத்தான். பெரியண்ணைக்குக் காய்ச்சல், ஊசி ஏற்றுகிற இடத்தில் கிருமி, ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். விமானம் ஏறவே கூடாதாம். போனை அவரிடம் கொடுத்தான். "குறை நினையாதை தம்பி. நீ வந்து சொன்னனி, போதும், அது காணும்."

காணாது. எனக்குக் காணாது.

செப்டெம்பர் 6

வினோஜா வடிவாக இருந்தாள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு கதிரையை எடுக்க வந்த பெடியனிடம் விடச் சொன்னேன்.

செப்டெம்பர் 8

எல்லோரும் படகில் எரிமலை பார்க்கப் போனார்கள். அக்காவும்கூட, முழங்கால் நோவோடு. நான் போகவில்லை. எலிசா மெஷின் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு அன்றே போனில் சொல்லிவிட்டா. ஆனால் அவரை வரச்சொல்லி இடம் ஒதுக்கியவர்கள் அவர்கள். போனில் சொன்னால் சொன்னதாகுமா? நான் ரயிலடிக்குப் போக வெளிக்கிட, எலிசாவும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தா.

தாதி ஒரு நடுத்தர வயதுப் பெண். எலிசா இத்தாலியனில் சொல்லச் சொல்ல என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பெரியண்ணைக்கென்று எடுத்து வைத்திருந்த பாதாம் பையை அவவிடம் கொடுத்தேன். வாங்கி நெஞ்சில் வைத்தா. அந்தக் கட்டிலைக் காட்டினா. யன்னலோரம். கடல் தெரிகிறது. அவருக்கென்று யன்னல்பக்கம் பார்த்து வைத்திருந்தாவாம்.

வெளியே வந்து ஒரு மதிலில் இருந்து அழுதேன். எலிசா பக்கத்தில் இருந்தா. பிறகு எங்கேயோ கூட்டிப் போய் வாள்மீன் வாங்கித் தந்தா.

பின்னேரம் பெரியண்ணைக்கு எடுத்தேன். குரல் அடியில் கிடந்தது.

"என்ன சாப்பிட்டனி?"

"சும்மா... மீன்."

"மறையாதை. சொல்லு. அந்த வெங்காயம் என்னமாதிரி?"

சொன்னேன். இனிப்பு, கடிக்க நீர் ஓடுகிறது, காரம் பின்னால் கொஞ்சமாய் வருகிறது என்றேன். மீனைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், பாணின் கரையைச் சொன்னேன். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 5, மொன்றியல்

பெரியண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார். பழையபடி மெஷின். கண் மங்கிப்போய்விட்டது, இனிப் பயணம் என்ற கதையே இல்லை என்று வைத்தியர் சொல்லியாயிற்று.

வினோஜாவும் லூக்காவும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கல்யாணம் முடிந்ததால் தளத்தை மூடப்போகிறாளாம். தமிழ்ப் பக்கத்தை விடு பிள்ளை என்றேன். ஏன் என்றாள். கட்டிலில் ஏற்றியதும் பெரியப்பா அதைத்தான் வாசிக்கச் சொல்கிறார் என்றேன். தனோஜன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறானாம், அவர் பிழை திருத்துகிறாராம்.

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அப்ப புதுசா ஏதும் எழுதுங்கோவன் அப்பா. எத்தினை தரம் அதையே கேக்கிறது?"

அவர்கள் போன பிறகு இருந்து எழுதினேன். இத்தாலியை விட்டு நாங்கள் இருக்கிற இந்த ஊரையே எழுதினேன். ஜான்-டலோன் சந்தையில் இந்த மாதம் பூசணி குவிந்து கிடக்கும், விடியப் போனால் ஆறுதலாகப் பார்க்கலாம். எலிசா வீட்டுக் கோப்பி சரியான கடுப்பு, பால் கேட்டால் முறைப்பா. பியர்பொன்ட்ஸில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு யன்னலால் மேப்பிள் மரம் ஒன்று தெரியும், கட்டிலை அந்தப் பக்கம் போட்டிருக்கிறோம். வாசலில் படி இருக்கிறது, நான் பிடித்து ஏற்றுவேன். ஆஸ்பத்திரி காரில் கிட்ட.