ஒரு காயாம்பூவுக்கு ஒரு வருடத் தண்டனை

உப்புவெளி,
திருகோணமலை.

கிழக்கு மாகாணத்தின் முடிசூடாத சக்கரவர்த்தியும் உன் ஒரேயொரு தாய்மாமனுமாகிய பஸ்தியாம்பிள்ளை, அன்பு மருமகள் அஞ்சலினாவுக்கு எழுதிக்கொள்வது.

அம்மா இப்படியே வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் லண்டன் படிப்பை விட்டிட்டு வந்திடுவன் என்று எழுதியிருந்தாய். போனில் பதில் சொன்னால் கொம்மா காதை நீட்டிக்கொண்டு நிற்பா. அதனால்தான் கடிதம்.

நீ போய் முதல் ஏழு மாதமும் ஞாயிறு பூசையைத் தவிர அக்கா படலை தாண்டவில்லை, உண்மைதான். கடைசியில் ஒரு சனிக்கிழமை, எனக்கு நெஞ்சு நோகுது என்று கதிரையில் சாய்ந்தேன். என் நடிப்பில் பக்கத்து வீட்டு நாயே அழுதது. அக்கா செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினா. ஆசுப்பத்திரியைத் தாண்டிய பிறகுதான் நெஞ்சு நோ மாறிவிட்டதென்று சொன்னேன். அவ பார்த்த பார்வைக்குத் துறைமுகத்துக் கப்பலெல்லாம் நங்கூரத்தைத் தூக்கியிருக்கும்.

போனது தம்பலகாமப் பக்கம், காட்டுக்குள் இருக்கிற ஒரு தோட்டத்துக்கு. அழிந்துபோகிற பூப்பற்றைகளை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். வெட்சிப் பற்றைக்குள் யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. நானே மூன்றை எண்ணினேன்.

அங்கேதான் விபரீதம். மாதா சுரூபத்துக்குப் பூப் பிடுங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு கொத்துக் காயாம்பூ அக்காவின் கைப்பைக்குள் போய்விட்டது. தோட்டத்தைப் பார்க்கிற கிண்ணியா ரபீக்கா கண்டுவிட்டா. இது முதல் தரம் பூக்க நாலு வருசம் எடுத்தது அக்கா, புடுங்கின கையே அடுத்த வருசம் பூக்கிற வரைக்கும் சனிக்கிழமையில வந்து தண்ணி ஊத்தட்டும் என்று தீர்ப்புச் சொன்னா. எனக்குப் பதில் தம்பி வருவான் என்று அக்கா கெஞ்சினா. அந்தாள் ஊத்தினா பத்தை செத்துப்போகும் என்றா ரபீக்கா. என் கீர்த்தி கிண்ணியா வரை பரவியிருக்கிறது!

இன்றோடு ஆறு சனிக்கிழமை. அக்கா விடிய முதல் பஸ்ஸில், தனக்கும் ரபீக்காவுக்கும் இடியப்பம் கட்டிக்கொண்டு போகிறா. போன கிழமை ஒரு கொப்பை வளைத்த கொழும்புக்காரருக்கு அரை மணி நேரம் பிரசங்கம் வைத்தாவாம். மனுசன் பற்றையிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாராம். மாதாவுக்கு இப்போது விழுந்த பூ மட்டுந்தான்.

ஆகையால் பெட்டி அடுக்காதே, பிள்ளை. படி. காயா மறுபடி பூக்கிற நேரம் விடுமுறையில் வா. கையை மட்டும் கட்டிக்கொண்டு வா, கொம்மா விடமாட்டா.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் போன் எடுக்காதே, அவ நிற்கமாட்டா. எனக்கு எடு. இந்தச் சக்கரவர்த்திக்கு அந்த நேரம் சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் மாமா,
பஸ்தியாம்பிள்ளை