அமெரிக்கா கட்சி மாமாவுக்கு ரஷ்யா கட்சி மருமகள்

காளவாசல், மதுரை
செப்டம்பர் 1989

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலம் நெப்டியூன் கிரகத்தைக் கடந்து போனதாகப் போன மாதம் பேப்பரில் வந்தது. படமும் போட்டிருந்தார்கள். அச்சு மையில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது. நல்ல நீல நிறம் என்று கீழே எழுதியிருந்ததை வைத்து நானே நீலமாக்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறையில் அதைப் படித்ததும், சாயங்காலம் நம் மோட்டார் கடைக்குப் போய் உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன். அமெரிக்கா ஜெயித்த செய்தியை ரஷ்யா கட்சிக்காரி அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடலாமா? கொஞ்சம் அலைக்கழித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று பஸ்ஸில் திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். காளவாசலில் இறங்கி, கடைக்குள் உங்கள் நாற்காலியில் உங்கள் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. அழுகை வரவில்லை மாமா, சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, நான் இன்னும் உங்களோடு சண்டைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன்!

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிக்க நேரலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கதையில் ஏதாவது பிசகினால் நீங்கள் குறுக்கே பேசவும் முடியாது. எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்?

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருஷம் அது. பொங்கலுக்கு எங்கள் தெருவில் பட்டிமன்றம் போட்டார்கள். விண்வெளியில் விஞ்சி நிற்பது அமெரிக்காவா, ரஷ்யாவா என்று தலைப்பு. நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன். அப்பா மில்லில் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்துக்காரர். ரஷ்யாவிலிருந்து வரும் வழவழப்பான பத்திரிகைகள் எங்கள் வீட்டில் குவிந்து கிடக்கும். படிக்கிற காலத்தில் அந்தத் தாள்களில்தான் என் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்தேன். கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு பெண் விண்வெளி உடையில் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆகாயத்துக்குப் போன முதல் பெண். வருஷம் முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டவள் வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்?

மேடை ஏறும் நேரத்தில் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏடி, மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்திருக்காக. மூணாவது வரிசை. மெதுவாப் பேசு. கையக் கிய்ய ஆட்டாத."

கையை ஆட்டாமல் எப்படிப் பேசுவது? நிலாவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவர மூன்று பேரை அனுப்பியது அமெரிக்கா, ஆளே இல்லாத வண்டியை அனுப்பி அதே மண்ணை அள்ளிவந்தது ரஷ்யா, ஒரு படி அரிசி வாங்க ஊரையே கூட்டிக்கொண்டு போவதா சாமர்த்தியம் என்று கேட்டேன். கைதட்டல் அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றார்.

"ஏம்மா, ஆள் போறதும் மெஷின் போறதும் ஒண்ணா?"

நீங்கள்தான் அது. பெண் பார்க்க வந்த இடம் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

"மெஷின் போனா திரும்பி வந்தா லாபம், வராட்டியும் ஒரு வீட்டுலயும் அழுகைச் சத்தம் கேக்காது, ஐயா. ஆள் போனா அப்படியா?" என்றேன்.

நடுவர் மணியை அடித்து, "பெரியவர் உக்காருங்க, பட்டிமன்றம் மேடையில நடக்குது" என்றார். நீங்கள் உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு அமெரிக்காவுக்குத்தான் கிடைத்தது. ஆனாலும் என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லையே என்று நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

அன்று வீட்டில் ஒரே அழுகை. "மாமனாராகப் போறவர மேடையில வச்சு மடக்கிட்டா. இனி அவுக இந்தப் பக்கம் வருவாகளா?" என்று அம்மா புலம்பினாள். பேச்சு நன்றாயிருந்தது என்று சொல்ல அப்பாவுக்கு ஆசை, ஆனால் அம்மாவை நினைத்துப் பயம்.

ரெண்டொரு நாள் கழித்து நீங்கள் தனியாக வந்தீர்கள். செம்பில் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"தாயி, அன்னைக்குப் பதில் தோணல. இப்பத் தோணிருச்சு. நான் மோட்டார் யாவாரம் பண்றவன். வாடிப்பட்டிப் பக்கம் பாதித் தோட்டத்துல ஓடுறது நான் வித்த பம்புசெட்டுதான். எங்கிட்ட ரெண்டு விதமான கம்பெனிக்காரன் வாரான். ஒருத்தன், எங்க மோட்டாரு ரிப்பேரே ஆகாதுன்னு சொல்லுவான். இன்னொருத்தன், இந்த எடத்துல சூடாகும், பாத்துக்கங்கன்னு சொல்லுவான். நான் யாருகிட்டச் சரக்கு எடுப்பேன்?"

"ரெண்டாவது ஆளுகிட்ட" என்றேன்.

"அதுதான் அமெரிக்கா. ராக்கெட்டு விடும்போதே ஊரக் கூட்டி வச்சு விடுறான். வெடிச்சாலும் அம்புட்டுப் பேரும் பாக்க வெடிக்குது. ஒங்க ரஷ்யாக்காரன் மேல போய்ச் சேந்த பெறகுதான் வாயத் தெறக்கிறான். ஜெயிச்சத மட்டும் சொல்றவன் தோத்தது எம்புட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சுரீரென்றது. நியாயமான கேள்வி. ஆனாலும் விடுவேனா? ஊரைக் கூட்டுவது உண்மைக்காகவா, பெருமைக்காகவா என்று ஆரம்பித்தேன். முதல் செயற்கைக்கோள், முதல் மனிதன், முதல் பெண், வெள்ளிக் கிரகத்தின் தரையில் எடுத்த படம் என்று நான் அடுக்க, நிலாவில் கால் வைத்தது, செவ்வாயில் இறங்கியது, வழியில் பழுதான கப்பலிலிருந்து மூன்று பேரையும் உயிரோடு மீட்டது என்று நீங்கள் அடுக்கினீர்கள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்து, ஆறிப்போனதை எடுத்துப்போய், மறுபடி கொண்டுவந்தாள். கடைசியில் அப்பாதான் தயங்கித் தயங்கி, "அந்தக் கல்யாண விஷயம்..." என்று இழுத்தார்.

"அட, அத மறந்துட்டேனே!" என்று சிரித்தீர்கள். "சம்மதங்க. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்குப் பெறகு பொண்ணு வேலைய விட்டுரணும்னு என் வீட்டுல சொல்றா. அது ஆகாது. பள்ளிக்கூடத்துல எல்லாப் பேப்பரும் வருமில்ல? வீட்டுக்குள்ள உக்கார வச்சா எங்கிட்டச் சண்டை போட இவளுக்கு விஷயம் எங்கிருந்து கெடைக்கும்?"

என் வேலை அப்படித்தான் தப்பியது மாமா. உங்கள் மகன் அந்தப் பட்டிமன்றத்திலும் வாய் திறக்கவில்லை, கல்யாணப் பேச்சிலும் திறக்கவில்லை. இன்றைக்கும் நான் என்ன சொன்னாலும் "ஆமா" என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆமா போடுகிறவரோடு எத்தனை நேரம் பேச முடியும்?

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கைலாப் விழுந்தது. அமெரிக்கா வானத்தில் கட்டிய வீடு கட்டுக்கடங்காமல் கீழே வருகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று ரேடியோ சொன்னதும் தெருவே உங்களைத் தேடி வந்தது. பக்கத்துத் தையல்கடை காதர் பாய், "என்ன அண்ணே, ஒங்க ஆளுகளுக்கு வீட்டக் கட்டத் தெரியுது, எறக்கத் தெரியலையே" என்றார். ஏதோ நீங்களே செங்கல் எடுத்துக் கொடுத்த மாதிரி எல்லாரும் உங்களைக் கேள்வி கேட்டார்கள். "கடல்லதான் விழுகும், யாரும் பயப்படாதீங்க" என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, வாசலில் வெட்டவெளியில் கிடந்த புது மோட்டார்களை ஆள் வைத்து உள்ளே தூக்கி வைத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பாதி கடலிலும் மீதி ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. நான் ஒரு வாரம் சிரித்தேன்.

அடுத்த மாதமே நம் நாட்டு ராக்கெட் முதல் தடவை கிளம்பி வங்காள விரிகுடாவில் விழுந்தது. அப்போது சிரிக்க எனக்கும் மனசு வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. மறுவருஷம் அது மேலே போனபோது கடைக்கு வந்த எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். நமது செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் வைத்து நிறுத்தியிருந்த படம் பேப்பரில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சோதனைக்கு இரும்பு வண்டி ஆகாது என்று மரவண்டியில் வைத்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் சார் சிரிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். "ஒங்க மோட்டாரும் இங்கயிருந்து மாட்டு வண்டியிலதான் தோட்டத்துக்குப் போகுது. தண்ணி வராமலா இருக்கு?"

நம்மவர் ஒருவர் ரஷ்யாவின் கப்பலில் ஏறி வானத்துக்குப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அல்வாப் பொட்டலத்தோடு கடைக்கு ஓடிவந்தேன். நீங்கள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அல்வா நம்மாளுக்காகத் திங்கிறேன். வண்டிக்காரனுக்கு இல்ல" என்றீர்கள். ஆனால் இன்னொரு துண்டும் எடுத்தீர்கள். அது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் எண்பத்தாறாம் வருஷத்து அந்த ஜனவரி. அமெரிக்காவின் கப்பலில் ஒரு டீச்சர் போகப்போகிறார், ஆகாயத்திலிருந்து பாடம் நடத்தப்போகிறார் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரஷ்யா கட்சியில் இருந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றி நான் ஆசையாகப் பேசியது அப்போதுதான். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நீங்கள் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றீர்கள்.

"அம்மா, அந்தக் கப்பல் வெடிச்சுப்போச்சு. கிளம்பினதுமே. டீச்சரம்மாவும் போயிட்டாக. பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லித் தெரியவேண்டாம்னுதான் சொல்றேன்."

நான் சீப்போடு அப்படியே நின்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னைக்கு நீ அமெரிக்காவ என்ன வேணும்னாலும் திட்டு. நான் எதுத்துப் பேச மாட்டேன்" என்றீர்கள்.

"எதுக்கு மாமா திட்டணும்? எங்க ரஷ்யா ஆளுக மூணு பேரும்தான் முன்னால ஒரு வாட்டி மேலயிருந்து திரும்பி வாரப்ப மூச்சில்லாமச் செத்துப் போனாக. அழுத வீட்டுல என்ன கட்சி?"

பிள்ளைகளிடம் அன்று நடந்ததைச் சொன்னேன். சேர்ந்து அழுதோம். பிறகு பாடம் நடத்தினேன். ஆனால் நீங்கள் தேறவில்லை. குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையம்தான் காரணம், கிளப்பவேண்டாம் என்று அங்கிருந்த இன்ஜினியர்களே தடுத்தும் மேலிடம் கேட்கவில்லை என்று பின்னால் செய்தி வந்ததும் நீங்கள் ரொம்ப உடைந்துபோனீர்கள். "இங்க சூடாகும்னு சொன்னவன் வாயவே அடைச்சிருக்கான். நான் நம்பினதே இந்த ஒண்ணத்தான்" என்றீர்கள். அதற்குப் பிறகு பேப்பரைத் தொடவில்லை. நான் வேண்டுமென்றே ரஷ்யாவைப் புகழ்ந்தாலும், "சரிம்மா" என்று எழுந்து போய்விடுவீர்கள். நீங்களும் "ஆமா" போட ஆரம்பித்துவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

கடைசியில் உங்கள் கட்சியை நானே எடுத்துக்கொண்டேன். கடைக்கு வந்து, நாலு விவசாயிகள் முன்னால் அமெரிக்காவுக்காகப் பேசினேன்.

"ரப்பர் வளையம்னு நமக்கு எப்படி மாமா தெரிஞ்சுது? அவுகளே விசாரிச்சு, அவுகளே வெளிய போட்டாக. தடுத்தவுக பேச்சையும் சேத்துப் போட்டாக. ரஷ்யாவா இருந்தா நமக்கு வளையமும் தெரியாது, குளிரும் தெரியாது. கப்பல் வெடிச்ச அந்த வாரம்தான் ஒங்க வாயேஜர் யுரேனஸத் தாண்டிப் போயிருக்கு. அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினீகளா? அடுத்து நெப்டியூனுக்குப் போகுது."

நீங்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பினீர்கள். பிறகு, "யுரேனஸ்ல என்னத்தக் கண்டானாம்?" என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல, நடுவில் ஒரு தப்பைப் பிடித்துத் திருத்தினீர்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

போன வருஷம் பங்குனியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நோவு இல்லை, பாயில் கிடக்கவில்லை. இந்த வயதில் இப்படிப் போவது கொடுப்பினை என்றார்கள். இருக்கட்டும். நெப்டியூனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் வேலையைப் பற்றி இப்போது அவர்களே தெருவில் பெருமை பேசுகிறார்கள். உங்கள் பேத்தி நாலாம் வகுப்பு. கை ஆட்டாமல் அவளுக்கும் பேச வராது.

இன்னொரு செய்தி. சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. நிலாவுக்கு ஆளனுப்ப ரஷ்யாவும் ஒரு பெரிய ராக்கெட் கட்டியதாம். நான்கு தடவை விட்டு, நான்கு தடவையும் வெடித்ததாம். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்ததை அவர்களே இப்போது பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தோத்தது எம்புட்டு என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்குப் பதில் வந்துவிட்டது. ஜெயித்தது நீங்கள்தான் மாமா. ஆனால் என் கட்சியும் கடைசியில் வாயைத் திறந்துவிட்டது பாருங்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கடையில் வாடிப்பட்டிக்காரர் ஒருவர் மோட்டார் பார்க்க வந்தார். அவரிடம் நெப்டியூன் கதையை உங்கள் குரலிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி தங்கச்சி, நம்மாளுக என்ன பண்றாக?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் பேத்தி முந்திக்கொண்டாள்.

"நம்ம புது ராக்கெட்டு ரெண்டு வாட்டி கடல்ல விழுந்துருச்சு. மறுபடியும் விடுவாக."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாப் பேப்பர்லயும் போட்டிருந்தாகளே!"

உங்கள் மகன் கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "ஆமா" என்றார். முதல் தடவையாக அந்த ஆமா எனக்குப் பிடித்திருந்தது.

மாமா, நீங்கள் இருந்து கேட்டிருந்தால் எப்படித் துருவித் துருவிக் கேட்பீர்களோ, அப்படியே நானும் படித்து உங்களுக்கு எழுதுவேன். அமெரிக்காவானாலும், ரஷ்யாவானாலும், நம்முடையதானாலும், மேலே போனதையும் சொல்வேன், கீழே விழுந்ததையும் சொல்வேன். ஒன்றையும் உங்களிடம் ஒளிக்க மாட்டேன். இது நான் கொடுக்கும் வாக்கு.

மறுபேச்சுக்கு ஏங்கும்
உங்கள் மருமகள்,
திலகவதி