கேப்டனின் மூக்குக்கண்ணாடி

வியாழக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தை முடித்துவிட்டு நீயே சொல். முப்பத்தாறு வயதுக்காரியைப் பொடிசு என்று கூப்பிடலாமா என்று கோபித்துக்கொள்ளாதே. வேறு பெயர் எழுதினால் இந்தப் பேனா நகர மாட்டேன் என்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு பேசும் ஐந்து நிமிடமும் அப்பா பக்கத்து அறையில் பேப்பரைப் பக்கம் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இதை நானே நடந்துபோய் என் கையால் பெட்டியில் போடப்போகிறேன். நம் வீட்டில் கடிதங்கள் படும் பாடு உனக்குத் தெரியாததா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா மேல் எனக்கு இரண்டு மாதமாகச் சந்தேகம்.

சிரிக்காதே. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். குடை கேட்டு வருகிறவன் முழியைப் பார்த்தே அது அவன் குடையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ரிட்டையர் ஆன பிறகு சந்தேகப்பட ஆள் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குறையை உன் அப்பா தீர்த்துவைத்தார். காபி ஆறுவது தெரியாமல் போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறார். நான் கிட்டே போனால் கவிழ்த்து வைக்கிறார். காய் வாங்கக் கீழே இறங்கினாலும் அது சட்டைப்பையில் கூடவே போகிறது. டிவி ரிப்பேர் கடையை மூடியதிலிருந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முணுமுணுத்த மனிதருக்குத் திடீரென்று என்ன வந்தது? மீசைக்கு மை பூசவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் அவர் குளிக்கப் போன சமயம் போனைத் திறந்து பார்த்தேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பழைய டிவி தொடர்களைப் பார்த்தவர்கள் பகுதி பகுதியாகக் கருத்து எழுதுகிற பக்கம் ஒன்று திறந்திருந்தது. ‘விண்கலம் ஒன்பது’, பதினேழாம் பகுதி. சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாயே, அதே தொடர்தான். அப்பா அங்கே ‘பழைய ட்யூப்’ என்ற பெயரில் உலாவுகிறார். ‘ஜன்னலோரம்’ என்று ஒருத்தியோடு தினமும் வாதம். அவளை மேடம் மேடம் என்று கூப்பிடுகிறார். நாற்பது வருடத்தில் என்னை ஒருநாள் மேடம் என்றிருப்பாரா?

அன்றிலிருந்து அவர் குளிக்கும் நேரம் எனக்குப் படிக்கும் நேரம் ஆகிவிட்டது. அந்த ஒரு பகுதிக்கே நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். கலம் சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று ஒருவர். அந்தக் காலத்தில் அதுவே அதிசயம் என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறார் இன்னொருவர். ஒரு அம்மாள் கேப்டனின் தலைமுடியைத் தவிர வேறு எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் முடிவைப் பற்றி எல்லோரும் ஒன்றுபோலத்தான் எழுதுகிறார்கள். கலம் கிளம்புவதற்கு வழிகாட்டும் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினியர் பெண் அந்தக் கிரகத்திலேயே நின்றுவிடுகிறாள். கலம் போனது போனதுதான், திரும்பவில்லை. கடைசியில் விளக்கு அணைகிறது.

‘ஜன்னலோரம்’ மட்டும் இல்லை என்கிறாள். கலம் திரும்பி வந்ததாம். கேப்டன் தன் மூக்குக்கண்ணாடியை அங்கே மறந்து வைத்துவிட்டார், அதை எடுக்க வந்தவர் அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார் என்று எழுதியிருந்தாள். கீழே ஒரே கேலி. கேப்டன் என்றைக்குக் கண்ணாடி போட்டார், நீங்கள் எந்த டிவியில் பார்த்தீர்கள் என்று ஆளாளுக்கு அவளைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். கவுண்டரில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பையின் நிறத்தை எவனும் சொல்லிவிடுவான். உள்ளே துணி எந்த மூலையில் கிழிந்திருக்கிறது என்பது சொந்தக்காரருக்குத்தான் தெரியும். கேப்டன் கண்ணாடியை மறந்த கதை உலகத்திலேயே ஒரே ஒரு வீட்டில்தான் சொல்லப்பட்டது.

உனக்கு அப்போது ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதி வந்தபோதே அப்பா கடையில், ரிப்பேருக்கு வந்த டிவியில் பார்த்துவிட்டார். நீ வீட்டில் பார்த்தது புதன்கிழமை மறு ஒளிபரப்பு. அந்தப் பெண் கலத்தைப் பார்த்துக் கையசைக்கும் இடத்தில் படம் பட்டென்று போனது. அப்பா டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, ட்யூப் போச்சுடா பொடிசு என்றார். உன்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மீதிக் கதையைத் தானே சொன்னார். எங்கே போனாலும் கண்ணாடியை மறந்துவிட்டு வருவது அவர் பழக்கம், அதையே கேப்டன் தலையில் கட்டினார். ட்யூபும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. வயரைப் பிடுங்கியது அவர்தான். சமையலறை வாசலில் நின்று நான் பார்த்தேன். குழந்தை அழக் கூடாது என்றுதானே செய்கிறார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

உன் வேலை உத்தரவைப் பதினொரு நாள் ஸ்க்ரூடிரைவர் டிராயரில் ஒளித்துவைத்ததும் அதே கைதான். நீ தூரப் போகிற முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, வயரைப் பிடுங்கிவிட்டார். அது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டேன். நீ போனது சரி. ஆறு வருடமாக அவரோடு பேசாமல் இருப்பதும் உன் நியாயம். நான் குறுக்கே வந்ததில்லை.

ஆனால் இப்போது என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தப் ‘பழைய ட்யூப்’ யார் என்று உனக்குத் தெரியுமா? அவருக்கு உன்னைத் தெரியுமா? கலம் திரும்பலை மேடம், என் கண்ணால பாத்தேன், உங்க வீட்ல யாரோ வயரைப் பிடுங்கியிருப்பாங்க, பிடுங்கினது தப்புதான் என்று அவர் எழுதினார். அதற்கு நீ போட்ட பதிலை மனப்பாடமாகச் சொல்வேன். தெரியும் சார், பின்னாலேர்ந்து வந்தப்ப அவர் கையில பிளக் இருந்துது, ஆனாலும் எனக்கு அந்த முடிவுதான் வேணும். அன்று அப்பா கண்ணாடியை மூன்று தடவை கழற்றித் துடைத்தார். ஒன்றும் தெரியாதவள் போல, யாருங்க அதுன்னு கேட்டேன். யாரோ பைத்தியம், பாவம் என்றார். பைத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போது யாருக்கடி குரல் அப்படி இறங்கும்?

இரண்டு பேரும் தெரிந்துகொண்டே நடிக்கிறீர்கள் என்பது என் தீர்ப்பு. நடியுங்கள் என்று விட்டுவிடத்தான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவர் எழுதியதைப் பார்த்த பிறகு முடியவில்லை. பதினெட்டாம் தேதிக்கு மேல வர முடியாது மேடம், கலத்தை நீங்க பாத்துக்குங்க என்று எழுதியிருந்தார். நீ ஏன் என்று கேட்டாய். இரண்டு தடவை கேட்டாய்.

நேரே அந்த டிராயருக்குப் போனேன். பாவம், ஒளித்துவைக்க அவருக்கு வேறு இடமே தெரியாது. ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில் ஆஸ்பத்திரிக் காகிதம். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பதினெட்டாம் தேதி காலை ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். கூட வருகிறவர் என்ற இடத்தில் பழைய கடைக்குப் பக்கத்தில் சாவி செய்கிறவர் பெயர். என்னிடம் அன்றைக்கு நண்பரோடு ஒரு வாரம் வெளியூர் போவதாகச் சொல்லிவைத்திருக்கிறார். இந்தத் தடவை என் வயரைப் பிடுங்கப் பார்க்கிறார்.

பொடிசு, எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருப்பதால் சமாளித்துக்கொண்டு நடமாடுகிறேன். தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. அன்று காலை அவர் பையைத் தூக்கும்போது நானும் என் பையோடு வாசலில் நிற்பேன். அப்போது அந்த மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அப்பாவைப் பார்க்க வா என்று உன்னை ஒருநாளும் கூப்பிட மாட்டேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் கூப்பிடவில்லை. நீ கிளம்பிப் போன அன்று உன் நீலச் சட்டம் போட்ட கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்துவிட்டுப் போனாய். தொண்ணூறு நாளில் கேட்டு வராத பொருளை எங்கள் கவுண்டரில் ஏலத்துக்கு விட்டுவிடுவோம். இதை நான் விடவில்லை. நான் பார்க்காத நேரமாகப் பார்த்து உன் அப்பா அதைத் துடைத்து வைக்கிறார். அதன் பவர் உனக்கு இனி ஒத்துவராது, தெரியும். இருந்தாலும் அது உன் பொருள். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போ. தபாலில் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை, சொந்தக்காரர் நேரில்தான் வர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எந்த வழியில் கிளம்பினாலும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர வேண்டும், கண்ணே.

உன்
அம்மா