பட்டியலில் இல்லாத பெயர்

1959 மே 14, வியாழன்

என் ஓட்டைப் பறித்துவிட்டார்கள். இதை வேறு வார்த்தையில் எழுதினால் நான் எனக்கே பொய் சொன்னதாகும்.

தேர்தல் அலுவலகத்திலிருந்து இன்று பதில் வந்தது. குடியுரிமை பதிவு செய்துகொள்ளாதவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இயலாது என்று நாலே வரி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நகரசபைத் தேர்தலில் இதே கோவிந்தசாமி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டான். அன்றைக்கு நான் இந்த ஊர்க்காரன், இன்றைக்கு இல்லை. நடுவில் நான் எங்கேயும் போய்விடவில்லை. இந்தச் சந்துக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

1921-ல் கப்பலேறி இங்கே வந்தேன், பதினேழு வயதில். முப்பத்தைந்து வருஷம் முனிசிபல் தண்ணீர்க் குழாய் வேலை. கடைசிப் பத்து வருஷம் மண்டோர், என் கையின்கீழ் இருபது ஆட்கள். சிராங்கூன் ரோட்டுக்கு அடியில் ஓடுகிற குழாயில் பாதி நான் நின்று இறக்கியது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் என்னிடம் விசுவாசத்துக்குச் சத்தியம் கேட்கிறார்கள்.

கேட்டார்கள், நான் செய்யவில்லை. அதுவும் உண்மை. குடியுரிமைப் பதிவு நடந்த மூன்று மாதமும் எங்கள் சங்கத்து ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்து நானூற்றுப் பதினேழு பேருக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுதிக்கொள்ளவில்லை. இங்கே பிறந்தவனுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. உழைத்தவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் உரிமையா? அவர்களாக வந்து கொடுக்கட்டும் என்றிருந்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மே 18

ஒலி முகம்மதுவின் டீக்கடையில் எல்லாரும் தேர்தல் பேச்சுத்தான். எங்கள் சந்துக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் அந்தக் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார், அதனால் என் பதில் கடிதமும் அவருக்குத் தெரியும். "ஒரு கையெழுத்துதானே லா, அண்ணே. அன்னிக்கே போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். அவருடைய பாரத்தையும் நான்தான் எழுதினேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மே 30, சனி

தேர்தல் நாள். இதை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் என் மனைவி பூவம்மா குளித்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மிளகாய்க் காம்பு கிள்ளப் போகிற மில்லுக்கு இன்று விடுமுறை. கோயிலுக்கா என்று கேட்டேன். இல்லை என்று மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். வாக்காளர் அட்டை. அவள் பெயரில்.

"ரபியாவோட போய்ப் பதிஞ்சுட்டு வந்துட்டேங்க. அப்பவே. நீங்க ஹால்ல ஊருக்கெல்லாம் பாரம் எழுதிக்கிட்டு இருந்தப்ப."

ரபியா, ஒலி முகம்மதுவின் மனைவி. பதிவு அலுவலகத்தில் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். பூவம்மா என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெருமாள் கோயிலில் கூட்டமே கோவிந்தா என்று குரல் கொடுக்கும்போது இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். கேட்டால், மனசுக்குள் நாராயணா சொன்னேன் என்பாள். அங்கே ரபியாதான் இவளுக்காக என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அட்டை தபாலில் வந்ததும் ஒலி முகம்மது கல்லாவில் ஒளித்து வைத்திருந்து இவள் கையில் சேர்த்திருக்கிறார். ஆக, சந்துக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

ஓட்டுப் போடாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது இப்போது சட்டம். அந்தச் சட்டம் நல்லது என்று சங்கக் கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும், நான் சொன்ன ஆளுக்குத்தானே என்றேன்.

"அது ரகசியம்னு உள்ளே சொன்னாங்க" என்றாள்.

ஜூன் 2

சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 20

சந்துக் குழாய் மூன்று நாளாக வடிகிறது. நகரசபைக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எங்கே எழுதுவது? நகரசபையையே எடுத்துவிட்டு எல்லா வேலையையும் அரசாங்கத்தோடு சேர்க்கிறார்கள். சின்ன ஊருக்கு இரண்டு நிர்வாகம் எதற்கு என்கிறார்கள். கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரசபையில் சத்தமும் சண்டையும் இருந்தாலும் எங்கள் வட்டத்து உறுப்பினர் ஒருவர் இருந்தார். மழை பெய்தால் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் வீட்டு வாசலில் போய் நின்று தெரிவிக்கலாம். நாட்டை ஆள்கிறவர் வாசலில் போய்க் குழாய் வடிகிறது என்று சொல்ல முடியுமா? அதிலும் ஓட்டு இல்லாதவன்?

கடைசியில் நானே சாக்கைச் சுற்றிக் கட்டினேன். முறையாக அடைக்க ஐந்து நிமிஷ வேலை. கருவி கையில் இருந்தால்.

1962 ஆகஸ்ட் 29

மலாயாவோடு சேர்வது பற்றிச் சனிக்கிழமை மக்கள் வாக்கு. சீட்டில் மூன்று வழி போட்டிருக்கிறார்கள். மூன்றுமே சேர்வதற்கான வழி. வேண்டாம் என்பதற்கு இடமில்லை. மூன்று கதவும் ஒரே அறைக்குள் திறக்கிற வீடு. சேர்வது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நான்கூடச் சேரலாம் என்கிற கட்சிதான். ஆனால் ஒருவனிடம் கேள்வி என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு வழி விட வேண்டாமா?

பூவம்மாவிடம், எதிலும் கோடு போடாதே, வெறும் சீட்டாகப் போடு என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வெறும் சீட்டாப் போடுறவங்க குடியுரிமை போயிரும்னு மில்லுல பேசிக்கிறாங்க. உங்களுக்கென்ன, போறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் போகும்."

அது புரளி, சீட்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று விளக்கினேன். அரைமணி நேரம் பேசினேன். அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 1

போனாள். வந்தாள். நான் கேட்கவில்லை.

நவம்பர் 12

நேற்று மழையில், கீழே கடையும் மேலே நாங்களும் இருக்கிற கடைவீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. நல்ல வேளை, யாரும் அங்கே இல்லை. இன்று அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தூணில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். கட்டடம் ஆபத்தானது, மார்ச் முடிவதற்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். மாடியில் ஒன்பது அறை, ஒன்பது குடும்பம். எங்கே போவது என்று நோட்டீஸில் இல்லை.

1963 பிப்ரவரி 4, திங்கள்

சனிக்கிழமை விடியும் முன்பே, அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுகிற பலரைப் போலீஸார் பிடித்துப் போயிருக்கிறார்கள். ஒலி முகம்மது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு என் காதருகே பேசுகிறார். "அண்ணே, கொஞ்ச நாளைக்கு மனு கினு எழுதாதீங்க. நீங்க பிரஜையும் கிடையாது. கப்பல்ல ஏத்திவிட்டா யாரு கேக்குறது?" அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கோபமாக வருகிறது.

இன்று வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் தங்கராஜு என்று ஒரு தமிழ்ப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். குடியுரிமைப் பத்திரம் இருக்கா ஐயா என்றான். "பத்திரம் இல்ல தம்பி, குழாய் இருக்கு. ரோட்டுக்கு அடியில. தோண்டிப் பாரு" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எனக்குப் புரியுதுங்க. ஆனா பாரத்துல குழாய்க்குக் கட்டம் இல்லையே" என்றான். இப்போதாவது குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொன்னான். ஐம்பத்தொன்பது வயதில், வீட்டுக்காக? வீடு கொடுக்கிறான் என்று சத்தியம் செய்தால் அது எந்த ஊர் விசுவாசம்? முடியாது என்று வந்துவிட்டேன்.

எட்டு குடும்பத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. நாங்கள்தான் மிச்சம்.

பிப்ரவரி 6

பின்பக்கம் தார்ப்பாயைத் தொங்கவிட்டிருக்கிறோம். பூவம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடலாம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

இன்று காலை பூவம்மா மில்லுக்குப் போகாமல், ஓட்டுப் போடக் கட்டிய அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டாள். எங்கே என்றேன். "வீட்டு ஆபீசுக்கு. என் பேருல கேக்கப் போறேன்." ரபியாவுக்குக் காய்ச்சல், தனியாகத்தான் போகிறாளாம். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன்.

தங்கராஜு அவளை உட்கார வைத்து எழுதத் தொடங்கினான். பெயர், மில் வேலை, பத்திர எண், எல்லாம் சொன்னாள். கூட யார் இருப்பார்கள் என்றான். "இவங்க" என்றாள்.

"இவங்கன்னா? பேரு சொல்லுங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "ஐயா, நீங்க சொன்னா நான் எழுதக் கூடாது. உறுதிமொழி அம்மாவோடது. அவங்க வாயால சொல்லணும், நான் எழுதணும், அவங்க கைநாட்டு வைக்கணும்."

பூவம்மா சுற்றிலும் பார்த்தாள். அவளுக்காகச் சொல்ல அங்கே வேறு பெண் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம் வா என்று சொல்ல நினைத்தேன். எந்த வீட்டுக்கு?

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிந்தசாமி."

உறவு? "புருஷன்." வேலை? "இப்ப இல்ல." குடியுரிமை? "இல்ல." எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். அவள் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே நின்றதும், முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா, நான் இதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது."

இத்தனை வருஷமாக என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று அவளிடமிருந்து எடுத்தது யார்? அரசாங்கம் மட்டுமா?



ஜூன் 9

மார்ச் கெடு தாண்டி, இப்போதுதான் வீடு கிடைத்தது: குவீன்ஸ்டவுன். ஏழாவது மாடி, ஓர் அறை. சாவியைப் பூவம்மா கையில் கொடுத்தார்கள். வாடகை அட்டையில் அவள் பெயர். கீழே, உடன் வசிப்பவர் ஒருவர். வீட்டுக்குள்ளேயே குழாய். திறந்து பார்த்தேன், அழுத்தம் போதாது. யார் போட்ட இணைப்போ.

செப்டம்பர் 20, வெள்ளி

போன திங்கட்கிழமையிலிருந்து நாம் மலேசியா. நாளை மறுபடியும் தேர்தல். என் வழக்கு அப்படியேதான் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்கப் போவதும் இல்லை. அவர்கள் செய்தது அநியாயம்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

ஆனால் காரியம் ஆக வேண்டும். எழுதி வைக்கிறேன்.

அரசாங்கம்: உழைத்து முதுமை அடைந்தவனுக்கு அவன் கேட்காமலே உரிமையைக் கொடுக்க வேண்டும்.

வீடமைப்பு அலுவலகம்: தண்ணீர் அழுத்தத்தைச் சரி செய்ய வேண்டும். ஆறாவது மாடியோடு நிற்கிற லிப்டை ஏழாவதிலும் நிற்க வைக்க வேண்டும்.

வாசலுக்கு வந்து என்னைக் கும்பிடுகிற வேட்பாளர்கள்: உள்ளே இருப்பவளைக் கும்பிட வேண்டும்.

லிப்டு மனு: நான் எழுத வேண்டும். பூவம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் வேண்டாம் என்கிற வரியை நான் அடிக்க வேண்டும். கைநாட்டு அவள் வைக்க வேண்டும்.

அவள் பெயர் இன்னும் பழைய தொகுதியில்தான் இருக்கிறது. ஏழு மணி பஸ்ஸுக்கு அவளை எழுப்ப வேண்டும்: நான். உள்ளே போக வேண்டும்: அவள். வெளியே மரத்தடியில் நிற்க வேண்டும்: நான். யாருக்குப் போட்டாய் என்று கேட்காமல் திரும்பி வர வேண்டும்: நான்.